1904-இல் கொதிப்பது

இருபத்திரண்டு மாடிக்கும் ஒரே வாசல். வாசலில் நான்.
சான்டியாகோவில் யார் என்ன தின்கிறார்கள் என்று
பொட்டலம் வாங்கி வைப்பவனைக் கேளுங்கள்.

மூன்று குளிர்காலம் முன்பு
மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன்.
உருளைக்கிழங்கோடு வெந்த கோச்சாயூயோ,
பழைய இடுப்புவார் மாதிரி கறுத்த கடற்பாசி.
மறுநாள் மின்தூக்கியில் ஒரு தாள்:
‘பொது இடத்தில் கவுச்சி வாடை கூடாது.’
கையொப்பம் இல்லை.
ஆனால் அந்தக் கோணல் எழுத்தை
பொட்டல ஏட்டில் தினமும் பார்க்கிறவன் நான்:
1904, யாஸ்னா ஒலாவர்ரியா.

அன்றிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும்.
வயிறு ஒன்றும் சொல்லவில்லை,
நாக்குதான் முணுமுணுத்தது.

இப்போது அவள் பெயருக்கே வருகிறது காகிதப் பை.
பச்சை இலை முத்திரை.
முதுகில் மருந்துச்சீட்டு போல
நார்ச்சத்து, இரும்பு, அயோடின்.
லா வேகா சந்தையில் ஒரு முழுக்கட்டு வாங்கும் காசுக்கு
உள்ளே ஒரு கைப்பிடி.

அலுவலகத்தில் ஊட்டச்சத்துக்காரி ஒருத்தி
படம் போட்டுப் பேசினாளாம்.
உட்கார்ந்தே வேலை, உட்கார்ந்தே சாப்பாடு,
ரத்தத்தில் கொழுப்பு மட்டும்
மின்தூக்கி இல்லாமலே மேலே ஏறிவிட்டதாம்.
“எலிசியோ, இதை எப்படிச் சமைப்பது?
ரப்பர் மாதிரி நிற்கிறது, பல்லுக்கு அடங்கவில்லை.”

தாளைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை. சொன்னேன்:
ராத்திரி முழுக்க ஊறட்டும்,
வேகும்போது ஒரு கரண்டி வினிகர்,
வெங்காயத்தை அவசரப்படுத்தாதீர்கள்.
வாடை வரும் என்பதை மட்டும்
சொல்லாமல் விட்டேன்.

ஞாயிறு பதினொன்றரை மணிக்கு
படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது கடல்.
1702 கூப்பிட்டார். 1508 கூப்பிட்டார்.
எட்டாம் மாடிப் பையன், செல்ல மீன் செத்துவிட்டதோ என்று
தொட்டியை எட்டிப் பார்த்தானாம்.
விசாரிக்கிறேன் என்றேன் எல்லோரிடமும்.
நல்ல வேலைக்காரன் நான்.

இரண்டு மணிக்கு அவளே வந்தாள்,
கண்ணாடிக் கிண்ணம், மேலே ஒரு தட்டு மூடி.
முகம் சிவந்திருந்தது.
அடுப்புச் சூடா, அந்தத் தாளா, தெரியாது.
“உப்பு கூடிவிட்டது” என்றாள்,
வேறெதுவும் சொல்லாமல் போனாள்.

சட்டைப்பையில் என் சீட்டும் இருந்தது.
போன மாதம் பொது மருத்துவமனையில்
தொண்டைச் சுரப்பியைத் தடவிப் பார்த்த இளம் மருத்துவர்
அழுத்தி எழுதியது:
‘கடற்பாசி வேண்டாம். அயோடின் அதிகம்.’
அவள் பையில் பெருமையாக நின்ற அதே சொல்.

மேசைக்கடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு
இரண்டு வாய் தின்றேன்.
உப்புதான்.
மூன்றாவது வாயை
கணக்கில் சேர்க்கவில்லை.