அரைப்பேர்

எண்ணும் இயந்திரம் மூன்று கிழமையாய்ப் படுத்துவிட்டது.
கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும்.
அதுவரை நானும் ஒரு கண்ணாடித் தகடும்
டிக்கோயா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின்
ஈரம் ஊறிய சுவரும்.

மாதிரி நாற்பத்தொன்று. யோகமலர், வயது முப்பத்திநாலு,
கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் மலை.
குழாயைச் சரிக்கும்போதே தெரிந்தது:
பீட்ரூட் அலசிய தண்ணீர்.

வில்லையைத் திருகுகிறேன். செங்குழியங்கள்.
கருவைத் துறந்துவிட்டு வந்த கலங்கள்;
தன்னைப்போல் இன்னொன்றைப் பெற வழியில்லை.
இருபுறமும் குழிந்த உடம்பில் மூச்சைச் சுமந்து
நூற்றிருபது நாள் ஏறி இறங்கும்,
பிறகு மண்ணீரலில் போய் விழும்.
இவளுடையவை சின்னவை, நடுவில் வெளிறியவை,
சில பென்சில்போல் நீண்டவை.
கூடை இருக்கிறது, கொழுந்து இல்லை.

கலம் சேர்ந்தால் இழையம், இழையம் சேர்ந்தால் அங்கம்,
அங்கங்கள் தொகுதியாகி, தொகுதிகள் ஒரு தனியனாகும்
என்று எழுதித்தான் இந்த வெள்ளைச் சட்டைக்கு வந்தேன்.
படிக்குப் படி, கீழே இல்லாத ஒன்று மேலே பிறக்கும்.
ஒரு நரம்புக் கலத்துக்குக் கவலை தெரியாது.
மூளைக்குக்கூடத் தெரியுமோ என்னவோ,
யோகமலருக்குத் தெரியும்.

தனியனைப் பாதியாக்க முடியாது என்கிறது புத்தகம்.
தோட்டத்துச் செக்ரோல் தினமும் ஆக்குகிறது:
பதினெட்டுக் கிலோ என்றால் ஒரு பேர்,
பதினேழரை என்றால் அரைப்பேர்.

திணிவை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது.
அதுவும் படித்த விதிதான்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று
வெயில் காயும் நாளிலும் தராசில் கழிகிற இரண்டு கிலோ
எங்கே போகிறது?
பரீட்சையில் இந்தக் கேள்வி வரவில்லை.

ரத்தம் எடுக்கும்போது அவள் சொன்னாள்,
"எல்லாம் விதிங்க மிஸ்ஸி."
நான் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன்.

விதிக்கு என்ன நடக்கும் என்று மட்டும் தெரியும்.
கல்லை விட்டால் விழும். ஏன் என்று கேட்டால் வாய் திறக்காது.
ஏன் என்பதைச் சொல்ல வருவது கொள்கை.
எத்தனை நாள் முற்றினாலும் கொள்கை விதியாகிவிடாது,
இரண்டுக்கும் வேலை வேறு.

இங்கே விதிக்குப் பஞ்சமில்லை.
கொள்கை தேர்தல் மாதத்தில் லொறியில் வரும்,
மைக் கட்டிக்கொண்டு.
மற்றக் கொள்கையைத்தான் யாரும்
இந்த ஏற்றத்தில் கொண்டுவரவில்லை.

என்னிடம் ஒன்று இருக்கிறது, சின்னது.
மாதாமாதம் போகும் இரும்பு, நாலு பிள்ளைகள்,
ரொட்டி இறங்குமுன் குடிக்கிற சாயத்தண்ணி.
வயிற்றில் மிஞ்சிய இரும்பையும் அது கட்டிப்போடுகிறது.
அவள் பறித்த அதே இலை.
மூன்று மாதம் மாத்திரை, பயறு, கீரை,
சாயத்தண்ணி ஒரு மணி நேரம் தள்ளி.
எண்ணிக்கை ஏறாவிட்டால் நான் சொன்னது பிழை;
பிழையென்று காட்ட இடம் விட்டிருக்கிறேன்.
பயறு என்ன விலை என்பது மட்டும்
என் கொள்கைக்குள் அடங்கவில்லை.

எண்ணும் கட்டத்துக்கு ஒரு முறை உண்டு:
கோட்டில் விழுந்த கலத்தை அரையென்று எண்ணாதே.
மேல்கோட்டையோ இடக்கோட்டையோ தொட்டால் முழுசு.
கீழும் வலமும் தொட்டவை
பக்கத்துக் கட்டத்தில் முழுசாகும்.

பாதியில் கொழுந்து லொறி கீழே போனது.
மேசை அதிர்ந்து கலமெல்லாம் ஒருமிக்க நகர்ந்தன.
முதலிலிருந்து எண்ணினேன்.
முப்பத்தோரு லட்சம். ஈமோகுளோபின் ஆறு தசம் எட்டு.

வெளியே வாங்கில் இருக்கிறாள்.
ரிப்போர்ட்டுக்காக நின்ற இன்றைக்குப் பேரே இல்லை,
அரையும் இல்லை.

படிவத்தில் பெயருக்கு விட்ட பெட்டி ஒரு விரற்கடை.
பொன்னழகு யோகமலர் என்று நெருக்கி எழுதினேன்.
கடைசி எழுத்தின் புள்ளி
மேல்கோட்டில் போய் உட்கார்ந்தது.
அழிக்கவில்லை.