பார்வையில் காணும் குறிப்பாணைக்கு

பெறுநர் முகவரி எழுதியாயிற்று.
பொருள் என்ற இடத்தில்
'மாணவனின் மணிக்கட்டைப் பிடித்தது தொடர்பாக' என்று
எழுத்தர் ரெங்கையன் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.
மூன்று பிரதிகள். மூன்று நாட்கள்.
இன்று மூன்றாம் நாள்.

அன்று ஆற்றில் தண்ணீர் வந்த நாள், ஐயா.
மேட்டூரில் திறந்து பதினெட்டு நாள் கழித்து
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும் முன்னே தள்ளிக்கொண்டு
கோரையாறு எங்கள் சுற்றுச்சுவர் இடிந்த பக்கம் வந்து சேர்ந்தது.
(சுவர் குறித்து ஏற்கெனவே நான்கு கடிதங்கள்.
அவை இந்தப் பொருளில் அடங்கா.)

முதல் பாடவேளை. ஒன்பதாம் வகுப்பு.
நான் வகுப்பில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.
வருகைப்பதிவுச் செயலி சுற்றிக்கொண்டே இருந்தது.
பத்து மணிக்குள் ஏற்றாவிட்டால் அதற்கொரு குறிப்பாணை.
இரண்டு கோடு சிக்னல் கிடைப்பது மதகின் மேல்தான்.
போனைத் தூக்கிப் பிடித்து
நாற்பத்தொரு பிள்ளைகளை
வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நவநீதன் அப்போதுதான்
சட்டையைக் கழற்றிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் ஏறினான்.
செயலியின்படி அவன் வகுப்பில் இருந்தான்.

பிடித்தேன்.
நகம் பட்டது.
எத்தனை விநாடி என்று கேட்டிருக்கிறீர்கள்.
அவன் திமிறி, என்னை ஒரு சொல் சொல்லி
(அலுவலகக் கடிதத்தில் அதற்கு இடமில்லை),
கை தளர்ந்து
சுவரின் இந்தப் பக்கம் இறங்கும் வரை.

மணிக்கட்டில் நான்கு பிறைகள்.
அவன் சித்தப்பா படமெடுத்தார்.
என் கடிதங்கள் போகாத வேகத்தில்
படம் திருவாரூர் போய்ச் சேர்ந்தது.

தலைமையாசிரியர் சகாயமேரி சொன்னார்:
"விழுந்திருந்தாலும் மெமோ உனக்குத்தான்.
விழாததுக்கும் உனக்குத்தான்."
ஜெகபர் சார் சொன்னார்:
"நான்லாம் இப்ப போர்டைப் பாத்துதாம்மா பாடம் நடத்துறது.
அதுக்கு மணிக்கட்டு கிடையாது."

பிள்ளையைத் தொடாதே என்னும் சட்டப் பிரிவு பதினேழு.
தொட்டால் என்மேல் பாயும் பணிவிதியும் பதினேழு.
கணக்கு டீச்சர் நான்.
பதினேழு பகா எண்.
எதைக் கொண்டு வகுத்தாலும் மீதி நிற்கும்.

இதுவரை எழுதியதைப் படித்தால்
நல்லவள் போலத் தெரிகிறேன்.
எனவே இந்தப் பத்தி. ரெங்கையன் அடிக்கச் சொல்வார்.

பத்தொன்பது வருடம் முன்பு, வலங்கைமானில்,
பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுக்கிய ஒருத்தியை
அறைந்தேன். பெயர் செங்கமலம்.
யாரும் விளக்கம் கேட்கவில்லை.
மறுநாள் அவள் அப்பா வந்து
"இன்னும் நாலு போடுங்க டீச்சர்" என்று
ஒரு சீப்பு பூவன் பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
அதற்குப் பிறகு அவள்
எதைக் கேட்பதானாலும் தலையைத் திருப்பி
வலக்காதைத்தான் கொடுத்தாள்.
பழத்தை ஆசிரியர் அறையில் பங்கிட்டுத் தின்றோம்.

சட்டம் சும்மா வரவில்லை, ஐயா.
அவளுடைய இடக்காது வழியாக வந்தது.
இன்னும் முன்னால் வந்திருக்கலாம்.
வந்தபின் அது
அடிக்கிற கைக்கும் பிடிக்கிற கைக்கும்
ஒரே படிவத்தை நீட்டுகிறது.
மாணவனைத் தொட்டீர்களா? ஆம் / இல்லை.
ஆம்.

நேற்று நவநீதன் வந்திருந்தான்.
இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. கடைசி பெஞ்ச்.
சமன்பாட்டில் ஒரு குறி மாறிப்போயிருந்தது.
அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தால்
முடிகிற காரியம்.
இரண்டடி தள்ளி நின்று
"மைனஸ்" என்றேன்.
"எங்க டீச்சர்?"
"அங்க."
"எங்க?"
"மூணாவது வரி."
"எந்த மூணாவது?"
மணி அடித்துவிட்டது.

நான்கு மணிக்குத் தபால் போகிறது.
மதகில் தண்ணீர் மேலும் ஒரு சாண் ஏறியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள.

இணைப்பு: சுவர் குறித்த நான்கு கடிதங்களின் நகல்.