கல் இல்லை

ஒன்பதாம் நாள்.
பதினோராம் கட்டிலில் சவரியப்பன்.
எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே
நசுங்கிப்போன வண்டியிலிருந்து
வெட்டி எடுக்கப்பட்டவர்.
இடுப்பில் கம்பி. தொடையில் கம்பி.
தலைக்காயத்துக்காகத் தூக்க மருந்து.
எங்கே வலிக்கிறது என்று கேட்டால்
வென்டிலேட்டர் பதில் சொல்கிறது,
நிமிடத்துக்குப் பதினெட்டு முறை,
ஒரே பதில்.

காய்ச்சல் நூற்றிரண்டு.
நுரையீரல் மேல் பழி போட்டோம்.
கழுத்துக் குழாயை மாற்றினோம்.
சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினோம்.
வெள்ளணு இருபத்திரண்டாயிரம் என்று
போனில் சொன்ன லேப் பையன்
"இன்னொரு தடவ போட்டுப் பாக்கட்டா மேடம்" என்றான்.

வயிற்றில் கை வைத்தேன்.
நீர் கோத்த தோல்
எங்கே அழுத்தினாலும் ஒரே மாதிரி குழிந்தது,
மழை விட்ட மறுநாள் வியாசர்பாடித் தெரு போல.
நான் படித்ததெல்லாம்
'ஆ' என்று கத்தத் தெரிந்த வயிறுகளைப் பற்றி.

சி.டி. கீழ்த்தளத்தில்.
இரண்டு மருந்து பம்பு, ஒரு சிலிண்டர்,
பாதியில் நிற்கும் பழக்கமுள்ள லிப்ட்.
போனால் திரும்புவாரா என்பதை
யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

சிஸ்டர் தில்லைக்கரசிதான் சொன்னார்:
உடம்பு துடைக்கும்போது
வலது விலாவுக்குக் கீழே துணி போனால்
நாடி நூற்று நாலிலிருந்து
நூற்று இருபத்தாறுக்குப் போகிறது.
"மூணு தடவ பார்த்துட்டேன் டாக்டர்.
இடது பக்கம் ஏறல."

இரவு இரண்டேகால்.
ஒரு சக்கரம் சுற்றாத ஸ்கேன் மெஷினை
இழுத்தும் தூக்கியும் கொண்டுவந்தேன்.
சாம்பல் திரையில் பித்தப்பை,
சுவர் தடித்து, சுற்றிலும்
கறுப்பாய் ஒரு நீர்க்கோடு.
கல்லைத் தேடினேன்.
அவரைச் சற்றே புரட்டச் சொல்லித் தேடினேன்.
கல் இல்லை.
கேஸ் ஷீட்டில் பெயரை எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

ஊசி வழியே குழாய் இறங்கியதும்
தார் நிறத்தில் வந்தது.

வெளியே படிக்கட்டில் ரெஜினா,
செருப்பைப் பைக்குள் வைத்து
பையைத் தலைக்கு வைத்திருந்தாள்.
"கல்லா மேடம்?"
இல்லையம்மா.
சோறு வரும் என்று பித்தம் காத்துக் கிடக்கும்,
நாள் கணக்கில் வராமல் போனால்
தேங்கிக் கெட்டுப்போகும்.
இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது என்று
யோசித்துக்கொண்டிருந்தபோது
அவள் சொன்னாள்:
"லோடு எறக்க லேட்டானாலே
பசி தாங்காது அவருக்கு."

ஆறு மணிக்குக் காய்ச்சல் நூறு புள்ளி எட்டு.
சிறுநீர் கொஞ்சம் கூடியிருக்கிறது,
அல்லது சிஸ்டர் கூட்டி அளந்திருக்கிறார்.
கேள்விக்குறியை நான் இன்னும் அடிக்கவில்லை.