ஏழு இறகு வெங்காயம்

கியூம்ரியில் மார்ச் வந்தும் பனி விடவில்லை.
கறி தின்று தீர்த்த ஞாயிறுக்கு மறுநாள்
சட்டிகளின் கொழுப்பைச் சாம்பலிட்டுத் தேய்த்துவிட்டு
அடுக்களை விளக்குக் கம்பியில்
பெரிய வெங்காயம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன்.
கூண்டில் உதிர்ந்து கிடந்த இறகுகளில்
ஏழைப் பொறுக்கிச் செருகியவன் தாத்துல்.
கண் வரைந்தவள் ஆர்பி,
ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக.

இதன் பெயர் அக்லாதிஸ்.
சனிக்கிழமைக்கு ஓர் இறகு பிடுங்குவோம்.
ஏழும் போனால் ஈஸ்டர்.
இடையில் யாராவது திருட்டுப் பால் குடித்தால்
இறங்கி வந்து மூக்கைக் கொத்தும்
என்று சொல்லி என்னை வளர்த்தார்கள்.
நானும் சொன்னேன்.
"வெங்காயத்துக்கு ஏது அலகு?" என்றான் தாத்துல்.
ஒன்பது வயது. எதற்கும் ரசீது கேட்பான்.

பீன்ஸ். பருப்பு. மறுபடி பீன்ஸ்.
ஜிராயர் டயர் கடையிலிருந்து வந்து
சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து
திரும்ப மூடுவார்,
தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல.
பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த சீஸை
உதட்டில் ஒட்டிய துணுக்கோடு மறுத்தான் தாத்துல்.
ஆர்பி முதல் வாரம் முழுக்கப் பாலுக்கு அழுதாள்.

கோவிலில் பீடத்துத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.
தவக்காலம் முடியும்வரை அப்படித்தான்.
"உள்ளே சாமி மட்டும் சாப்பிடுறாரா?"
அவள் கேட்டது
முன்வரிசைவரை கேட்டது.

பாதித் தவம் கழிந்த புதன்கிழமை
காசு ஒளித்த ரொட்டி சுட்டேன்.
காசு ஆர்பியின் துண்டில் வந்தது.
"இதுக்கு ஒரு சேவல் கிடைக்குமா?"
கூண்டில்தான் கேப்டன் இருக்கிறதே என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.

கேப்டன் நேர்ச்சைச் சேவல்.
போன குளிர்காலம் ஜாக்கி நழுவி லாரி இறங்கியபோது
நாலு விரற்கடையில் தப்பிய காலுக்காக
ஜிராயர் நேர்ந்துகொண்டது.
ஈஸ்டர் முடிந்ததும் அறுத்து, வேகவைத்து,
அக்கம்பக்கம் ஏழு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.
அதற்கு ஊட்டவேண்டிய உப்பை
ஃபாதர் ஏற்கெனவே ஆசீர்வதித்துவிட்டார்.

ஐந்தாம் சனி பிடுங்கியபின்
இரண்டு மிஞ்சவேண்டும். மூன்று இருந்தது.
உனக்கு எப்போதுமே கணக்கு வராது என்றார் ஜிராயர்.
ஆறாம் சனி. அப்போதும் மூன்று.
போனில் காலண்டரைத் திறந்து பார்த்தேன்.
தாத்துல் குனிந்து
ஷூ நாடாவை ரொம்ப நேரம் கட்டிக்கொண்டிருந்தான்.

வியாழன் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால்
விளக்கடியில் ஸ்டூல்.
ஸ்டூல்மேல் நைட்டியோடு ஆர்பி,
முஷ்டியில் ஒரு செம்பழுப்பு இறகு.
எட்டவில்லை. குதிகால் தூக்கி
மறுபடி மறுபடி எக்குகிறாள்.

"ஈஸ்டர் வந்தா அப்பா கேப்டனை..."
அதற்குமேல் வாய் வரவில்லை அவளுக்கு.
"வராட்டி பரவாயில்ல.
நான் பீன்ஸே சாப்பிடுறேன்."

அப்போதுதான் பார்த்தேன்,
அடுப்புச் சூட்டில் வெங்காயத்தின் உச்சியில்
விரல் நீளம் முளை விட்டிருந்தது,
இறகுகளுக்கு நடுவே, பச்சையாக.
யாருக்காகவும் காத்திராமல்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்?
செய்தது இது:
அவளைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினேன்.

மறுநாள் ஜிராயரிடம் சொன்னேன்.
நேர்ச்சை நேர்ச்சைதான் என்றார்.
பிறகு வெகுநேரம் தன் காலையே தடவிக்கொண்டிருந்தார்.
பிறகு, ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்றார்.
கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

பெரிய சனி இரவு மீன் வறுத்தேன்,
திராட்சை போட்ட சோறு.
வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டைகள்
செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன.
கோவிலில் திரை திறந்தது.
உள்ளே சாமி இளைத்திருக்கிறாரா என்று
ஆர்பி எட்டிப் பார்த்தாள்.

வீடு வந்து மிச்ச இறகுகளை ஒரே பிடியில் பிடுங்கிய தாத்துல்
மேஜையின் அடிப்பக்கம் குனிந்தான்.
பென்சில் கோடுகள், வரிசையாக.
"மொத்தம் பத்து இறகும்மா.
எனக்கு அப்பவே தெரியும்."

வெளியே இருட்டில் கேப்டன் கூவியது,
நேரம் தவறி, எப்போதும்போல.
உப்புப் பொட்டலம் அலமாரியில் இருக்கிறது,
இன்னும் பிரிக்காமல்.