கடைசி ஆள்

ஞாயிறு ஐந்தரைக்கு நேர்குப்பை விலக்கில்
பதினாலு பேரையும் எண்ணிவிட்டு
அடைக்கலம் என்னைக் கைகாட்டினான்:
"நீங்க கடைசி. உங்களுக்குப் பின்னால
யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."
ஒரு விசிலும் கொடுத்தான்.

அதற்கப்புறம் எனக்கு முகங்கள் இல்லை,
குதிகால்கள்தான்.
செலினின் புது ஷூவடியில்
விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது,
வலது கால் தூக்கும்போதெல்லாம்.
ஜமாலுதீன் இடது காலைக் கொஞ்சம் வீசி வைக்கிறார்.
பன்னிரண்டு வருஷமாய் மருந்துக்கடை மேசைக்கு
அந்தப் பக்கம் பார்த்த மனிதர்,
எனக்குத் தெரியவே தெரியாது.
உமையாள் ரப்பர் செருப்பிலேயே வந்திருக்கிறாள்,
வெடிப்பெல்லாம் செம்மண்.

காரை சட்டையைப் பிடிக்கும். சூரை தோலை.
தொரட்டி பிடித்தால் மட்டும்
ஓரடி பின்னால் போய்த்தான் விடுவிக்கணும்,
முன்னால் இழுத்தால் கிழியும்.

பேச்சு அறுந்து அறுந்து வந்துசேர்கிறது.
"...மாமியாருக்குத்தான் முதல்ல..."
"...வட்டி கட்டியாச்சு, அசல்..."
பிறகு ஒரு விராலிப் புதர்.
பிறகு ஒன்றுமில்லை.

விழுந்ததைப் பொறுக்குவதும் என் வேலையாயிற்று:
கடலைமிட்டாய்த் தாள், ஒரு பொத்தான்,
ஒரு ஸ்கூட்டர் சாவி.
யாரும் இன்னும் தேடவில்லை.

ஆமைக்கரட்டு உச்சியில், பத்தேகாலுக்கு,
குதிகால்கள் நின்றன.
பக்கத்துப் பாறையில் தொற்றிப் பார்த்தேன்.
மலை அங்கே முடிந்துபோயிருந்தது.
பலகை அறுத்தாற்போல் நேராக,
துளைபோட்ட கோடுகள் வரிவரியாய்,
அடியில் பச்சைத் தண்ணீர்,
அதில் ஒரு லாரி டயர்.
அடைக்கலத்தின் போனில்
இறங்கும் பாதை இன்னும் இருந்தது,
புள்ளி புள்ளியாய், காற்றின் மேல்.

ஒதுங்க இடமில்லை. வரிசை கலையாமல் உட்கார்ந்து
எலுமிச்சம் சோற்றைக் கைமாற்றித் தின்றோம்.
உமையாள் ஒரு கல்லைப் போட்டாள்.
சத்தம் வரும்வரை யாரும் மெல்லவில்லை.
"எங்க போயிருக்கும்?
எல்லாம் நம்ம சமையல் மேடைதான்," என்றார் ஜமாலுதீன்.
போன மாதம்தான் புது வீடு புகுந்த செலின்
டிபன் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்படியே திரும்புங்க."
திரும்பினார்கள்.
பதின்மூன்று முகம், ஒரே நேரத்தில், என்னைப் பார்த்து.
வேர்த்து, சிவந்து,
வழி எனக்குத்தான் தெரியும் என்பதுபோல்.

விசிலைப் பின்னால் அனுப்பினேன்.
கைகையாய்ப் போய் அடைக்கலத்திடம் சேர்ந்தது.

முன்னால் குதிகால் இல்லை.
வந்த பாதையை நான் பார்க்கவே இல்லையென்பது
வெட்பாலை மரத்தடியில், வழி இரண்டாய்ப் பிரிந்தபோதுதான்
உறைத்தது. இடமா, வலமா?
குனிந்தேன். இடப்பக்கப் புழுதியில்
எல்லோருடைய தடத்தையும் மிதித்துக்கொண்டு
என் தடம் எதிரே வந்துகொண்டிருந்தது.

இடது பக்கமே நடந்தேன்.
கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஜமாலுதீன்:
"உங்க வலது தோள் இறங்கியிருக்கே சார்,
எவ்வளவு நாளா?"

பதில் யோசிப்பதற்குள், வெகு பின்னால்,
விசில்.
நின்றோம்.
வரிசையின் கடைசியில் அடைக்கலம்
ஒவ்வொரு பையாய்த் தட்டித் தட்டிப்
பார்த்துக்கொண்டிருந்தான்.