நான்கரை மீட்டர்

இந்த லென்சுக்கு
நான்கரை மீட்டருக்கு இப்பால் கண் தெரியாது.
வாங்கிய அன்றே பெட்டியின் பக்கவாட்டில் படித்ததுதான்.
குறையாகப் படவில்லை.
நான்கரை மீட்டருக்குள்
எது வந்து நிற்கப்போகிறது எனக்கு?

ஸ்டாங்கர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
நாளைக்கு நாற்பது நெஞ்சு.
மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, அசையாதீங்க.
சொல்லிவிட்டு
ஈயக் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவது
பதினெட்டு வருஷப் பழக்கம்.

ம்குஸேயில் தண்ணீர்ப் பள்ளத்தின் விளிம்பில்
பாதி புதைந்த சிமெண்டு அறை.
சன்னல் என்று ஒரு நீளக் கீறல்,
வெளியே தரை எங்கே இருக்கிறதோ
அங்கே என் தாடை.
காவலர் ஃபிகிலே ந்யாவோ ஒரு தடவைதான் சொன்னாள்:
'கையை வெளியே நீட்டாதே.'
பிறகு அவள் பிஸ்கட் தின்றாள், நான் காத்திருந்தேன்.

விடிந்ததும் காட்டுப்பன்றி வந்து
முழங்கால் போட்டுக் குடித்தது.
ஒரு ந்யாலா மான், காது மட்டும் எங்கள் பக்கம்.
பிறகு காண்டாமிருகம்.
திருடர் வருமுன்னே கொம்பை அறுத்திருந்தார்கள்,
ரம்பம் போன வழி
வெட்டுவாயில் இன்னும் கோடு கோடாய்.
அதை எடுத்தேன். துல்லியமாக வந்தது.
ஏனோ திரையில் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு யானை.
சத்தமில்லை. வெளிச்சம்தான் முதலில் குறைந்தது.
கொம்பன் படம் கேட்டிருந்தாள் என் நாத்தனார் கோகிலம்,
பூசையறைக்கு.
வந்தது பெண், தந்தமே இல்லாதவள்,
இடது காதில் ஆறங்குலக் கிழிசல்.
பத்து மீட்டர். எடுத்தேன்.
ஏழு. இமைமயிர் ஒவ்வொன்றாய்.
ஐந்து.
அதற்கப்புறம் லென்ஸ்
முன்னும் பின்னும் உறுமித் தேடியது,
சாவியைத் தொலைத்தவள் பைக்குள் துழாவுவது மாதிரி.
சாம்பல். மறுபடி சாம்பல்.
கண்ணை எடுத்தேன்.

கீறலுக்குள் இருந்தது தும்பிக்கை நுனி.
ஈரமாக, இரண்டு விரல் போல் முனை,
உள்ளே இளஞ்சிவப்பு.
நேற்று டோங்காட்டில் தின்ற பன்னி சோவ்,
பஸ்ஸின் டீசல், நாற்பது பேருடைய கிருமிநாசினி,
நான் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருந்தால் அதுவும்,
எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டாள்.
ஒதுங்கி நிற்க எனக்குக் கதவில்லை.
அசையவில்லை நான்.
விலா எலும்புகளை எண்ணியிருக்கலாம் அவள்.

போன பிறகும் அப்படியே நின்றிருக்கிறேன்.
ஃபிகிலே முழங்கையால் இடித்தாள்:
'ஃபெஃபுமுலா.'
மூச்சு விடு.
ஜூலு நோயாளிகளுக்கு
நான் தினமும் சொல்லும் சொல்.
என்னிடம் யாரும் சொன்னதில்லை.

பதினாறு படம், பதினாறும் சாம்பல்.
'இது என்ன, தார் ரோடா?' என்றாள் கோகிலம்,
போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.
ஆமாம் என்றேன். எதற்கு வம்பு.

திங்கட்கிழமை முதல் ஆள்
டார்னல் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்.
பிடிக்கச் சொல்லிவிட்டு
விடச் சொல்ல மறந்துவிட்டேன்.
முகம் சிவந்து, கண் பிதுங்கி,
கண்ணாடியைத் தட்டுகிறார் மனுஷன்.