ஈர விறகு

வந்த முதல் மாதம்
ஒரு கன மீட்டர் விறகு வாங்கினேன்.
இறக்கிப் போட்ட ரெமிஹியோ
மழைக்கோட்டின் தலைமூடியைத் தள்ளிவிட்டுக் கேட்டார்:
சாந்தியாகோவை விட்டு வால்டிவியாவுக்கு ஏன் வந்தீர்கள்?
நல்ல காற்றுக்காக என்றேன்.
அவர் போனபின் பற்றவைத்தேன்.
விறகு சீறியது, நுரை தள்ளியது, எரியவில்லை.
வீடு முழுக்க
நல்ல காற்று.

ரொட்டிக்கடை நோல்ஃபாவிடம்
வேலை மாற்றல் என்றேன்.
மாடிவீட்டு எதெல்மீராவிடம்
வாடகை கட்டுப்படியாகவில்லை என்றேன்.
மருந்துக்கடைப் பையனிடம், அவசரத்தில்,
மழை பிடிக்கும் என்றேன்.

பெருநகரத்தில் ஒரு பொய் சொன்னால்
அது கூட்டத்தோடு படியிறங்கி
எதிர்த்திசை ரயிலில் ஏறிப் போய்விடும்.
ஆயுசுக்கும் அதன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.
இங்கே என் நான்கு பொய்களும்
சனிக்கிழமை காலை மீன்சந்தையில்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
கடல்சிங்கங்கள் மீன்தலைக்கு அடித்துக்கொள்ளும் கரையோரம்
நின்று, நிதானமாக, நலம் விசாரித்திருக்கின்றன.
திங்கட்கிழமை நோல்ஃபா
தராசிலிருந்து கண் எடுக்காமல்
மழை பிடிக்குமாமே என்றாள்.
வெளியே பதினோராவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது.

வேலைக்கு நடை பதினான்கு நிமிடம்.
பல் கட்டும் கூடத்தில்
மெழுகில் பற்கள் செதுக்குகிறேன்.
அங்கே நான் செய்த பல்
எந்த வாய்க்குப் போனதென்று கண்டதில்லை.
இங்கே பாலத்தில் எதிரே வருகிறவர் சிரிக்கிறார்:
மேல்வரிசை, இடமிருந்து இரண்டாவது,
என் கைவேலை.
ஒரு சாயல் வெளுப்பு கூடிவிட்டது.
பாலம் முடியும்வரை
அதையே நினைத்துக்கொண்டு நடக்கிறேன்.

தினமும் இரண்டு மணி நேரம் மிச்சம்.
தொலைந்த பணப்பையை
யாரோ வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்ததுபோல
திரும்பி வந்துவிட்டது.
செலவழிக்கத் தெரியவில்லை.
சுத்தமான பீங்கானை மறுபடி கழுவினேன்.
நகரப் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய்
அதிலேயே திரும்பினேன்.
மூன்றாம் நாள் ஓட்டுநர் கேட்டார்,
யாரைத் தேடுகிறீர்கள்?

தோல் மருத்துவர் ஒருவர்தான்; ஐந்து மாதம் காத்திருக்கணும்.
துணி காய்வதில்லை,
அடுப்புக்கு மேல் தொங்கித் தொங்கி
என் சட்டைகளெல்லாம் கருவாடு.
கட்டாயம் வருகிறோம் என்ற நண்பர்கள்
கட்டாயம் வருகிறோம் என்றே எழுதுகிறார்கள்.

லாஸ் எரோயெஸ் நிலையத்தில்,
ஒரு மார்ச் மாலை,
ஒன்பது ரயில்களைப் போக விட்டேன்.
கோபமில்லை. அழுகையில்லை.
கால் எழவில்லை, அவ்வளவுதான்.
தரை துடைத்துக்கொண்டு வந்தவர்
தூணைச் சுற்றித் துடைப்பதுபோல
என் செருப்பைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார்.
ஏன் ஏறவில்லை என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பத்தாவதில் ஏறி
வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இதை எந்தக் கடையில் நின்று சொல்வது?
பின்னால் வரிசை நிற்கிறது,
ரொட்டி ஆறுகிறது.

இந்த வருஷம் விறகைக் கோடையிலேயே வாங்கினேன்.
இரண்டு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும்;
கணீரென்றால் காய்ந்தது,
மொத்தென்றால் ஈரம்.
நான் ஒவ்வொன்றாகத் தட்டுவதை
ரெமிஹியோ வண்டியில் சாய்ந்து
சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று ரொட்டிக்கடையில் ஒரு புதுமுகம்.
கையில், காற்று இன்னும் முறிக்காத குடை.
எல்லோரும் திரும்பினோம்.
முதலில் திறந்தது என் வாய்தான்.
எங்கிருந்து?
சாந்தியாகோ.
ஏன் வந்தீர்கள்?
அவள் ஒரு கணம் கூரையைப் பார்த்தாள்.
கடலுக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்று.

மொத்தென்று கேட்டது.

விறகு வாங்கிவிட்டீர்களா
என்றேன்.